செடியை அமுக்கி வைத்த கற்கள்

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் வழக்கம்போல முதலில் தொட்டியைப் பார்த்தேன். காலையில் நான் கிளம்பும்போது தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருந்த செடி, இப்போது ஒழுங்காக அடியில் உட்கார்ந்திருந்தது. அதன் தண்டின் மேலும் பக்கத்திலும் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கற்கள்.

"நான்தான் வெச்சேன்," என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. "பாவம், ஒதுங்க நிழலே இல்லாம சுத்திட்டு இருந்துச்சு."

வாட்சைக் கழற்றினேன். கையை முழங்கை வரைக்கும் கழுவினேன், சோப்பு போடாமல். நீளமான இடுக்கியை எடுத்தேன். பதற்றம் வரும்போது வேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வது என் பழக்கம். வேலை செய்யும் இடத்தில் இதனால் எனக்கு நல்ல பெயர். வீட்டில் அம்மா இதை வேறு மாதிரிச் சொல்வாள்: "இவ வாய மூடிக்கிட்டான்னா ஏதோ பெரிசா கெட்டிருக்குன்னு அர்த்தம்."

"என்னடி ஆச்சு?" என்று வந்து நின்றாள்.

"எத்தனை கல்லு வெச்ச?"

"எண்ணலயே."

தொட்டியில் இருந்தவை நான்கு. ஒவ்வொன்றும் வேர்க்கடலைப் பருப்பு அளவு. நான்கையும் இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் வைத்தேன். மணலைத் துழாவினேன். வடிகட்டிக்குப் பின்னால் பார்த்தேன். குகையாகப் போட்டிருந்த மண் குழாய்க்குள் டார்ச் அடித்தேன். வேறு கல் இல்லை. தொட்டியின் மூலையில் அது, தலையைக் கீழே வைத்து, வாலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. செவுள்கள் முன்பக்கமாக வளைந்திருந்தன. நிம்மதியாக இருக்கும்போது அவை பின்னால் சாய்ந்திருக்கும்.

அது ஒரு ஆக்ஸலாட்டல். மீனும் இல்லை, பல்லியும் இல்லை, தவளைக்கு உறவு. கரையேறாமல் கடைசி வரைக்கும் குஞ்சாகவே தண்ணீரில் இருந்துவிடுகிற உயிர். என்னுடையது வெளிர் ரோஜா நிறம், ஒரு சாண் நீளம். தலைக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக, இறகு மாதிரிச் செவுள்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாயின் அமைப்பே சிரிக்கிற மாதிரி. சென்னையில் பயிற்சியில் இருந்தபோது வாங்கி, ஐஸ் பாக்கெட் வைத்த தெர்மகோல் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். பெட்டியைத் திறந்து காட்டியபோது அம்மா இரண்டு அடி பின்னால் போனாள். "ஏண்டி, இதுக்கு அப்பன் மீனா, பல்லியா?" என்றாள்.

அப்படிச் சொன்னவள்தான் பிறகு அதற்கு மண்புழு நறுக்கிப் போடக் கற்றுக்கொண்டாள். அப்பா கீழ்பென்னாத்தூரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறார். நான் காலையில் டவுனுக்குப் போனால், அங்கே ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே டெக்னீஷியன், திரும்ப இருட்டிவிடும். வேங்கிக்காலில் புதிதாக எழும்பிய மனைகளுக்கு நடுவே எங்கள் வீடு. பேச்சுக்கு எதிர்வீட்டு அக்காவை விட்டால் ஆள் கிடையாது. அம்மா மதியம் சீரியல் பார்க்கும்போது நாற்காலியைப் பாதி தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வாள். அதை அவள் 'சின்னது' என்று சொல்வாள். "சின்னது இன்னிக்கு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சுடி," என்பாள்.

அதனால் தொட்டிக்கென்று நான் வைத்திருந்த விதிகள் எல்லாம் அவளுக்கும் தெரியும். தண்ணீர் சூடாகக் கூடாது, அதைக் குளிர்விக்கிற ஃபேன் நிற்கக் கூடாது, குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக்கும் மருந்து போடாமல் ஊற்றக் கூடாது, அதன் தலையைவிடச் சின்னதாக எதுவும் உள்ளே விழக் கூடாது. கடைசி விதிதான் முக்கியமானது. ஆக்ஸலாட்டல் கடித்துத் தின்னாது. வாயைச் சட்டென்று திறக்கும். அந்த இழுப்பில் எதிரே இருக்கிற தண்ணீர், புழு, கல், எதுவானாலும் உள்ளே போய்விடும். புழுவுக்குப் பக்கத்தில் கல் கிடந்தால் புழுவோடு கல்லும் போகும். போனது வயிற்றில் அடைத்துக்கொண்டால் சாப்பாடு நிற்கும், பிறகு மற்றதெல்லாம் நிற்கும்.

ஆனால் செடி இல்லாமலும் முடியாது. அதற்குக் கண்ணிமை கிடையாது. வெளிச்சத்திலிருந்து அதைக் காப்பாற்ற இலை நிழல்தான் உண்டு. ஆக, செடி வேண்டும், அது மிதக்கக் கூடாது, அதை நிறுத்தப் போடும் எதுவும் விழுங்கும்படியோ குத்தும்படியோ மாட்டும்படியோ இருக்கக் கூடாது. சொல்லும்போது சுலபம்.

கடையில் தரும் செடிக் கொத்துகளின் அடியில், மூழ்குவதற்காக ஒரு மெத்தென்ற சாம்பல் நிறத் தகட்டைச் சுற்றியிருப்பார்கள். தினமும் ஈயக் கவசம் மாட்டி வேலை செய்கிறவள் நான். தொட்டதுமே அது ஈயம் என்று தெரிந்தது. தண்ணீரில் ஊறினால் விஷம், முதல் வேலையாக அதைக் கழற்றினேன். பொடிக்கல் பரப்பி நடுவது கூடவே கூடாது. மாவு மாதிரியான மணலில் நட்டால், ஆக்ஸலாட்டல் அதன்மேல் நடந்து நடந்தே வேரைக் கிளப்பிவிடும். கம்பி குத்தும். நைலான் நூல் மக்காது, ஆனால் ஒரு சுற்று தளர்ந்தால் போதும், செவுள் மாட்டிக்கொள்ளும். கடைசியில், மண்ணே தேவைப்படாத ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தேன். இஞ்சி மாதிரிப் படுத்துக் கிடக்கும் அதன் தண்டைப் புதைத்தால்தான் அழுகும். கல்லில் கட்டிவிட்டால் வேர் தானாகவே கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஆக்ஸலாட்டலின் தலையைவிடப் பெரிய, வழவழப்பான ஆற்றுக் கல்லில் வைத்து வெள்ளைப் பருத்தி நூலால் கட்டினேன். நூல் மக்குவதற்குள் வேர் பிடித்துவிடும் என்பது கணக்கு.

நூல் முந்திக்கொண்டது. செடி மேலே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை புது நூல் போட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அம்மாவிடமும் சொன்னேன்: "மிதந்தா மிதக்கட்டும், ஒண்ணும் ஆகாது."

அவளால் அப்படி இருக்க முடியவில்லை. முந்தின நாள் பௌர்ணமி. அம்மா கிரிவலம் போய்விட்டு விடிகிற நேரத்தில் வந்திருந்தாள். சுற்றி வரும்போது பாதையோரத்தில் மலைப் பக்கமாகக் கிடக்கும் பொடிக்கல்லைக் கொஞ்சம் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவது அவள் வழக்கம். எல்லாரும் அப்படிச் செய்வதில்லை. எடுக்கவே கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு. அம்மா எடுப்பாள். அரிசி டிரம்மில் இரண்டு மூன்று கிடக்கும். இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட அன்றைக்கு, மேஸ்திரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிடி எடுத்து நான்கு மூலையிலும் போட்டாள்.

"கல்லு போடக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?" என்றேன்.

"கல்லு எங்கடி போட்டேன்? மலையில எடுத்தது."

"மலையில எடுத்தாலும் கல்லுதானம்மா."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம் இல்லை, இவ்வளவு படித்து இது தெரியவில்லையே என்கிற மாதிரி. எங்கள் ஊரில் மலைமேல் சாமி இருப்பதாக யாரும் சொல்வதில்லை. மலைதான் சாமி. அவள் கணக்கில் பொடிக்கல் கூடாது என்ற என் விதி, கடையில் மூட்டையாக விற்கிற கல்லுக்கு. இது வேறு. காப்பாற்றுவதற்கென்று வைத்தது.

தட்டில் இருந்த நான்கு கற்களையும் காட்டினேன். "இவ்ளோதான் இருக்கு. நீ வெச்சது எத்தனை? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அப்போதுதான் அவள் முகம் மாறியது. தட்டைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், திரும்பத் தட்டைப் பார்த்தாள்.

"நாலா?" என்றாள். "நாலு இருக்காதே. நான் ஒத்தப்படையாத்தான எடுப்பேன்."

"அஞ்சா?"

"தெரியலடி. குனிஞ்சு அள்ளுவேன், ரெண்டு ரெண்டா ஒதுக்கிப் பாப்பேன். மிச்சம் ஒண்ணு நிக்கலன்னா ஒண்ணைக் கீழ போட்டுருவேன். எத்தனைன்னு எண்ண மாட்டேன். எண்ணக் கூடாது."

"எல்லாத்தையும் தொட்டியிலயா போட்ட?"

"எல்லாத்தையும்தான். ஒண்ணு வெச்சா நிக்கல, அதான் அத்தனையும்."

ஆக, ஒன்று உள்ளே போயிருக்கலாம். மூன்று போயிருக்கலாம். ஐந்தாகவும் இருக்கலாம். இரண்டு மட்டும் இருக்க முடியாது. அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், சாப்பிடாமல் இருந்து அதற்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று தட்டை எடுத்துக்கொண்டு போன விதத்தில் தெரிந்தது.

காலையில் மண்புழுவை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் காட்டினேன். திரும்பிக்கொண்டது. வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. வாலின் நுனி சுருண்டிருந்தது. சென்டருக்குப் போன் செய்து மதியம்தான் வருவேன் என்று சொன்னேன். ரொட்டி வைக்கிற நீளமான பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி அதை மாற்றினேன். வெளியே ஒரு ஈரத் துண்டு, துண்டுக்கு வெளியே இரண்டு ஐஸ் பாக்கெட். அம்மா டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டாள், திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆட்டோவில் ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா, குழம்புக்கா?"

"நீ முன்னாடி பாத்து ஓட்டுப்பா," என்றாள் அம்மா. "பள்ளத்துல விட்ட, எறங்கிடுவேன்."

செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டி ஒரு தனியார் கிளினிக். வெளிநாட்டுக்காரர்கள் தெருநாய்களைத் தூக்கிக்கொண்டு வருகிற இடம். டாக்டருக்கு என்னைவிட நான்கைந்து வயது அதிகம் இருக்கும். டப்பாவின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தார்.

"மேடம், உண்மையச் சொல்லிடறேன். இதை நான் படத்துலதான் பாத்திருக்கேன்."

"பரவால்ல டாக்டர். எக்ஸ்ரே எடுக்க முடியுமா?"

"போர்ட்டபிள் மெஷின் இருக்கு. நாய்க்கு எடுக்கறது. இதுக்கு எவ்ளோ வெக்கணும்னு..."

"நான் அந்த வேலைதாங்க பாக்கறேன். நீங்க சரின்னா நானே செட் பண்றேன்."

அவர் ஒப்புக்கொண்டார். ஒரு பக்கம் சென்னையில் இப்படிப்பட்ட பிராணிகளைப் பார்க்கிற ஒரு சீனியருக்கு வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டே இருந்தார். நான் தண்ணீரை, உடம்பு நனையும் அளவுக்கு மட்டும் விட்டு, வடித்தேன். கதிரின் அளவை, பிறந்த குழந்தையின் கைக்கு வைப்பதைவிடக் கம்மியாக வைத்தேன். அம்மா டப்பாவை விடமாட்டேன் என்றாள்.

"நான் புடிச்சுக்கறேன். என் கைன்னா ஆடாது அது."

"வெளிய நில்லும்மா."

"புடிச்சா என்ன?"

"கதிர் உன் மேல படும். வெளிய போ."

போனாள். கதவின் கண்ணாடி வழியாக அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

மேலிருந்து எடுத்த படம் திரையில் வந்தது. முதுகெலும்பு மெல்லிய நூலாக. அதற்குப் பக்கத்தில், வயிறு இருக்கவேண்டிய இடத்தில், பளிச்சென்று வெள்ளையாக ஒன்று. வால் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. மலைக் கல் கருங்கல். எக்ஸ்ரேயில் மறைய இடமே இல்லை.

"ரெண்டு," என்றார் டாக்டர். மூச்சை விட்டார். "சின்ன சைஸ்தான். வந்துடும்னு தோணுது. ரெண்டும் வெளிய வந்ததும் மெதுவா சாப்பாடு குடுக்க ஆரம்பிக்கலாம்."

கதவைத் திறந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"ரெண்டா? இருக்காது."

"படத்துல தெரியுதும்மா."

"நாலும் ரெண்டும் ஆறு. நான் ஆறு எடுத்ததே கெடையாது இந்த ஜென்மத்துல."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, ஒண்ணு எங்கயாவது கீழ விழுந்திருக்கும். மலையில இருந்து வர்ற வழியிலயே விழுந்திருக்கலாம்."

"முந்தானையில முடிஞ்சு இடுப்புல சொருகினது எப்படிங்க விழும்?"

நான் மணலைத் துழாவியதை நினைத்துப் பார்த்தேன். குழாய், வடிகட்டி, மூலைகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. தொட்டியில் இல்லை. அம்மா எண்ணமாட்டாள், ஆனால் இரண்டிரண்டாக ஒதுக்காமலும் விடமாட்டாள். அது எனக்குத் தெரியும். காய்கறி வாங்கினாலும், தேங்காய் உடைத்தாலும், யாருக்காவது மொய் எழுதினாலும் அப்படித்தான்.

"டாக்டர், பக்கவாட்டுல ஒண்ணு எடுக்கலாமா?"

"ஏற்கெனவே ஸ்ட்ரெஸ்ல இருக்கு மேடம். செவுள் பாருங்க, எப்படி வளைஞ்சிருக்குன்னு. திரும்ப தண்ணிய வடிக்கணுமே."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒவ்வொரு முறை தண்ணீரை வடிக்கும்போதும் அது வாயைத் திறந்து திறந்து மூடியது. ஒரே திசையிலிருந்து எடுத்த படத்தில் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும் என்று எனக்கு முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எலும்பு முறிவு என்றால் யோசிக்காமல் இரண்டாவது படம் எடுப்பேன். இங்கே அந்த இரண்டாவது படமே அதைக் கொன்றுவிட்டால்? கேட்டுக்கொண்டு நிற்கவும் நேரம் இல்லை.

"ஒரே ஒரு தடவ," என்றேன். "எல்லாத்தையும் செட் பண்ணி வெச்சுட்டு கடைசியா தண்ணிய வடிக்கறேன். எடுத்ததும் ஊத்திடலாம்."

மெஷினைப் படுக்கவைத்தேன். எக்ஸ்ரே தகட்டை டப்பாவின் பின்பக்கம் நிறுத்தினேன். டாக்டர் தண்ணீர் ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். வடித்தேன், எடுத்தேன், அவர் ஊற்றினார்.

பக்கவாட்டுப் படத்தில் மூன்று இருந்தன. மேலிருந்து பார்த்தபோது ஒன்றாகத் தெரிந்தது ஒன்றல்ல. சின்னக் கல்லுக்கு நேர் கீழே, முதுகிலிருந்து விலகி, வயிற்றுத் தரையோடு ஒட்டி, புளியங்கொட்டை அளவில் ஒன்று செங்குத்தாக நின்றிருந்தது; மேலிருந்து அதன் நுனியளவுதான் தெரிந்திருக்கும். மூன்றிலும் பெரியது. அதுவும் வயிறு முடிந்து குடல் தொடங்குகிற வாயில்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு வந்ததும் சாப்பாடு குடுத்திருப்போம்," என்றார். சாப்பாடு கொடுத்திருந்தால் அந்தக் கல்லின் பின்னால் எல்லாம் அடைத்திருக்கும்.

சென்னை சீனியர் எழுதி அனுப்பியதை அவர் வாசித்துக் காட்டினார். சாப்பாடு கூடாது. வெறும் தொட்டி, மணல் இல்லை, செடி இல்லை. தண்ணீரைப் படிப்படியாகக் குளிர்வித்து ஃப்ரிட்ஜ் அளவுக்குக் கொண்டுபோக வேண்டும்; உடம்பு வேலையைக் குறைத்துக்கொள்ளும், உள்ளே இருப்பதை வெளியே தள்ளப் பார்க்கும். தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். சின்னவை இரண்டும் கீழ்வழியாக வந்துவிடலாம். பெரியது அந்த வழியாக வராது. அதாகவே வாய்வழியாகக் கக்கினால் உண்டு. இல்லையென்றால் சென்னைக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும்.

"கீறினா பொழைக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"இவ்ளோ சின்ன உடம்பும்மா. உறுதி சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஃப்ரிட்ஜைக் காலி செய்தாள். இட்லி மாவு, தயிர், கறிவேப்பிலை, தக்காளி, எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயின. அந்த அக்கா மாவுப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"மாவைத் தொரத்திட்டு பல்லிய உள்ள வெச்சிருக்கீங்களா? நல்லா இருக்கே கதை. உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல இனிமே நான் ஒரு தக்காளி தொடமாட்டேன்."

"உன்னை யாரு தொடச் சொன்னா?" என்றாள் அம்மா. வேறு நாளாக இருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள்.

டப்பாவின் மூடியில் ஓட்டைகள் போட்டேன். முதலில் ஐஸ் பாட்டில் வைத்துக் குளிர்வித்து, பிறகு நடுத்தட்டில் வைத்தேன். உள்ளே ஒரு தெர்மாமீட்டர். ஃப்ரிட்ஜை அடிக்கடி திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அம்மா திறக்கவில்லை. ஆனால் அதற்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சீரியல் இல்லை. நான் சென்டரில் ஒவ்வொரு நோயாளிக்கும் "மூச்சை இழுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று சொல்லும்போதெல்லாம் வீட்டிலிருந்து போன் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் என்ன செய்வது என்று வரிசை போட்டு வைத்திருந்தேன். உயிர் இருந்தால் சென்னைக்கு எப்படிக் கொண்டுபோவது. உயிர் இல்லாவிட்டால் அம்மாவிடம் என்ன சொல்வது. இரண்டாவதற்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை.

முதல் கல் மறுநாளே வந்துவிட்டது. தண்ணீர் மாற்றும்போது கழிவோடு டப்பாவின் அடியில் கிடந்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டாவது. ஒவ்வொன்றையும் அம்மாவிடம் காட்டினேன். ஒவ்வொரு முறையும் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாவது வரவில்லை. அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அது மெலிந்துகொண்டிருந்தது, தோலுக்குள் வயிற்றின் அந்தப் பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தது. தொட்டால் நகரும், தொடாவிட்டால் நகராது. டாக்டர் போனில், "இன்னும் ரெண்டு நாள் பாப்போம். அப்புறம் முடிவு பண்ணிடணும் மேடம்," என்றார். நான் சென்னைக்குக் காலை பஸ் எப்போது என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அன்று ஞாயிறு, மதியம். மாடிக்குத் துணி எடுக்கப் போன அம்மா வெறுங்கையோடு இறங்கி வந்தாள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும். வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தாள்.

"துணி?"

"நீ போய் எடுத்துட்டு வா."

"ஏன், என்ன?"

ஃப்ரிட்ஜ் கதவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என் கையால எடுத்தது. இத காப்பாத்துன்னு சொல்லித்தான் வெச்சேன். அதுவே கொன்னுடுச்சுன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மலைய நிமுந்து பாக்கறது? அடுத்த பௌர்ணமிக்கு எதைடி சுத்தி வருவேன்?"

அடைப்பு என்பது அளவும் இடமும் சம்பந்தப்பட்ட விஷயம், அதில் மலைக்கு ஒரு வேலையும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்கு ஆறுதலாக இருக்காது. மலைக்கு இதில் வேலையில்லை என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட மோசமான பதில். அதனால் போய்த் துணியை எடுத்துவந்தேன். மடித்தேன். தண்ணீர் மாற்றும் நேரம் ஆகியிருந்தது.

புதுத் தண்ணீரைக் குளிர்வித்து வைத்துவிட்டு டப்பாவை வெளியே எடுத்தேன். மூடியைத் திறந்தபோது அது தலையைத் தூக்கியது. வாயைப் பிளந்தது. கொட்டாவி மாதிரி ஒரு முறை. கழுத்து உப்பி இறங்கியது. திரும்பப் பிளந்தது. நான் அசையவில்லை. அம்மா எழுந்து என் தோளைப் பிடித்தாள், நகம் பதியும்படி.

"என்னடி பண்ணுது? மூச்சு முட்டுதா?"

"பேசாத."

மூன்றாவது முறை உடம்பு முழுக்கப் பின்னால் இழுத்தது. வாய் கிழிந்துவிடும் போலத் திறந்தது. சாம்பல் நிறமாக ஒன்று உதட்டில் வந்து நின்றது. நின்றுவிட்டது. போகவும் இல்லை, வரவும் இல்லை. இடுக்கியை எடுக்கலாமா என்று என் கை போனது. இழுத்தால் உள்ளே கிழியும் என்று நிறுத்திக்கொண்டேன். அது தலையை ஒரு பக்கமாக உதறியது. 'டொக்' என்று பிளாஸ்டிக்கில் ஒரு சத்தம்.

அம்மா தோளை விட்டாள். தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு, "ஏழு," என்றாள். "பாத்தியா, ஏழு. நான் சொன்னேன்ல?"

மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தோம், இரண்டு பக்கமும். ஒன்றும் இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து மெதுமெதுவாகத் தொட்டியின் குளிர்ச்சிக்குக் கொண்டுவந்தேன். நறுக்கிய புழுவில் ஒரு துண்டை அது இழுத்துக்கொண்டபோது டாக்டருக்கு வீடியோ அனுப்பினேன். எதிர்வீட்டு அக்கா மாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, புளித்துவிட்டது, அதற்குத் தான் பொறுப்பில்லை என்றாள்.

செடியைத் திரும்பக் கட்ட உட்கார்ந்தபோது அம்மாவும் கூட உட்கார்ந்தாள். ஆற்றுக்கல்லைக் கையில் எடுத்து, கண்ணாடிக்கு வெளியே ஆக்ஸலாட்டலின் தலைக்கு நேராகப் பிடித்து அளவு பார்த்தாள். "இது போதும்," என்றாள். இந்த முறை தண்டுக்கு அடியில் ஜெல் பசை ஒரு பொட்டு, அதற்குமேல் நூல். ஒரே நூல் மக்கினால் மறுபடி மிதக்கும் என்பதால் இரண்டு தனித்தனிக் கட்டு. நான் கட்டிய முடிச்சை அவள் விரலால் இழுத்துப் பார்த்தாள், வந்துவிட்டது. பூக்கட்டுகிற மாதிரி நூலைச் சுண்டி, தன் முடிச்சைப் போட்டாள். நுனியை ஒட்ட நறுக்கினேன். கல்லைத் தலைகீழாகப் பிடித்து வாளித் தண்ணீரில் உதறினேன். அசையவில்லை. அதன்பிறகு உள்ளே இறக்கினேன். அது சுற்றிவந்து, மோந்து பார்த்து, இலைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

ஏழு கற்களும் ஒரு சின்னக் கிண்ணத்தில் கிடந்தன. பூஜை அலமாரியில் அம்மா வைக்கவில்லை. குப்பையில் போட என்னாலும் முடியவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு அவள் கிளம்பும்போது கிண்ணம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். நான் கேட்கவில்லை. விடியற்காலையில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தேன்.

"எடுத்த எடத்துலயேவா போட்ட?"

"எந்த எடம்னு யாருக்குத் தெரியும்? மலைப் பக்கமா ஓரமாப் போட்டேன்."

"கும்புட்டியா?"

"கும்புடாம?" காபியை ஊதினாள். "ஆனா இந்தத் தடவ ஒண்ணும் கேக்கல."

உள்ளே தொட்டியின் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முழங்காலைப் பிடித்து எழுந்தாள்.

"சின்னது சாப்டுச்சா?"

"இன்னும் இல்ல. உனக்காகத்தான் வெச்சிருக்கேன்."

இடுக்கியை எடுத்துக்கொண்டு போனாள்.